வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு விலை

காலை ஆறு மணி பத்து நிமிடம். காய்ந்து கிடந்த வாய்க்காலின் மணலில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஆள் நடக்கிற வேகம்கூட இல்லை. முன்னால் சருகும் வைக்கோலும் நுரையும் ஒரு தெர்மகோல் துண்டும். அவற்றைத் தள்ளிக்கொண்டு பின்னால் டீ நிறத்தில் ஒரு விரற்கடைத் தண்ணீர். நாய் ஒன்று அதைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே பின்வாங்கியது. மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, அந்த ஊர் வாய்க்காலுக்கு அன்றைக்குத்தான் தண்ணீர் வந்து சேர்ந்தது.

நான் போனது ஒரு பழைய டிராக்டருக்கு விலை போட.

ஓய்வு பெறும்வரை என் வேலை அதுதான். மன்னார்குடியில் ஒரு டிராக்டர் ஷோரூம். புது வண்டி வாங்க வருகிறவர் பழைய வண்டியைக் கொடுப்பார். அதற்கு நான் ஒரு விலை போடுவேன். அதைப் புது வண்டியின் விலையில் கழித்துக்கொள்வார்கள். இப்போது அதே நாற்காலிக்கு வந்திருக்கும் நீங்கள், கைபேசியில் நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்பினால் விலை திரையில் வந்துவிடுகிறது என்கிறீர்கள். வரட்டும். எந்த வருஷத்து வண்டி, எத்தனை மணி நேரம் ஓடியது, டயர் எவ்வளவு தேய்ந்தது எல்லாம் அதற்குத் தெரியும். படத்தில் விழாத சில விஷயங்களும் விலையில் சேரும். அப்படி ஒரு காலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் கொஞ்ச காலம் ஒரு நாளிதழுக்குப் பகுதி நேரச் செய்தியாளராக இருந்தேன். அங்கிருந்த செய்தி ஆசிரியர் என் முதல் செய்தியைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நீ நெனச்சதெல்லாம் இதுல இருக்கு. பாத்தது எங்கய்யா?" என்று கேட்டார். அந்த மனிதரிடம் யாரும் பிரியமாக இருந்ததாக நினைவில்லை. அந்தக் கேள்வி மட்டும் என்னோடு டிராக்டர்களுக்கு வந்துவிட்டது. புதுப் பெயிண்ட் அடித்து நிறுத்தியிருக்கும் வண்டியில் முதலில் கிளட்ச் பெடலைப் பார்ப்பேன். பெயிண்ட் பளபளக்கும், பெடலின் விளிம்பு தேய்ந்து சோப்புத் துண்டு மாதிரி இருக்கும். பிறகு எஞ்சின் மேல் உள்ளங்கையை வைப்பேன். சூடாக இருந்தால் நான் வருவதற்கு முன்பே ஒரு தடவை கிளப்பி வைத்திருக்கிறார்கள், குளிர்ந்த எஞ்சின் மக்கர் செய்கிறது என்று தெரிந்துவிடும். அதற்காகத்தான் விடியற்காலையில் போவது.

கலியமூர்த்தியின் எஞ்சின் சில்லென்று இருந்தது.

அவருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது இருக்கும். சொந்த நிலம் கொஞ்சம்தான். குடும்பம் நடந்தது வாடகை உழவில். வண்டி முப்பத்தைந்து குதிரைத்திறன், சிவப்பு வெளுத்து ஆரஞ்சாகியிருந்தது. சாவியைத் திருப்பினார். ஒரே தடவையில் எடுத்தது. கறுப்புப் புகை ஒரு தரம் கக்கிவிட்டு நிதானத்துக்கு வந்தது.

அந்தக் கால எஞ்சின்களுக்கு ஒவ்வொரு அடிக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருந்தது. வண்டி நின்ற இடத்தில் எஞ்சின் மட்டும் ஓடும்போது எண்ணலாம். உழவு காலத்தில் வீட்டுக்குள் படுத்திருப்பவர்கள், 'கோயில் வயல்ல கலியமூர்த்தி வண்டி, வடக்க வேற யாரோ' என்று சத்தத்தை வைத்தே சொல்வார்கள். பானெட்டை இரண்டு கொக்கிகளை நீக்கித் திறந்தால் மொத்த எஞ்சினும் முகத்துக்கு நேரே நிற்கும். டீசல் பம்ப், வடிகட்டி, குழாய் எல்லாம் கைக்கு எட்டும். கோளாறு வந்தால் வயல் வரப்பிலேயே கழற்றி, துணியில் துடைத்து, மாட்டிவிடுவார்கள். இரண்டு பக்க மட்கார்டிலும் பெயிண்ட் போய் இரும்பு மின்னும். நடவுக்குப் போகிற பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த இடம். புது வண்டிகளில் அப்படி உட்கார யாரையும் விடுவதில்லை. விடக்கூடாது என்பதும் சரிதான். ஆனாலும் மின்னுகிற அந்த இரும்பைப் பார்த்தால் எனக்கு இப்போதும் மனசு கொஞ்சம் இளகும்.

இதை வைத்துப் பழசுதான் உசத்தி என்று நான் முடிவு கட்டுவதாக நினைக்க வேண்டாம். கலியமூர்த்தி வண்டியிலிருந்து இறங்கியதைப் பார்த்தேன். ஏணியில் இறங்குகிறவர் மாதிரி முகத்தை வண்டிப் பக்கம் திருப்பி, இரண்டு கையாலும் மட்கார்டைப் பிடித்து, வலது காலை ஊன்றி, அப்புறம் இடது காலைக் கையால் எடுத்து வைக்காத குறையாக இறக்கினார். சேற்றில் உழும்போது ஒவ்வொரு திருப்பத்துக்கும் கிளட்சை மிதிக்க வேண்டும். அந்தக் கிளட்ச் கல் மாதிரி இருக்கும். ஸ்டியரிங்கை உடம்பைப் போட்டுத் திருப்ப வேண்டும். இருபத்தைந்து வருஷம் அதைச் செய்த இடுப்பு அது.

"பாத்தீங்களா சார்," என்றார் அவர் மனைவி தமிழ்ச்செல்வி. "வண்டி ஒரே இழுப்புல கெளம்பிடுது. இவரக் கெளப்பத்தான் காலையில ரெண்டு பேரு வேணும்."

"வண்டிக்கு வெல போட வந்தவருகிட்ட என்னப் பத்தி எதுக்குச் சொல்ற?"

"ஒங்களயும் சேத்து எடுத்துப்பாங்களான்னு கேக்கத்தான்."

புது வண்டிக்கு மகன் சிங்கப்பூரிலிருந்து முன்பணம் அனுப்பியிருந்தான். ஐம்பது குதிரைத்திறன், பவர் ஸ்டியரிங், சேறு புகாத பிரேக், விரலால் தள்ளினால் இறங்கி மண்ணைப் புரட்டும் ரோட்டவேட்டர். பத்தரை மணிக்கு நல்ல நேரம் பார்த்திருந்தார்கள். அதற்குள் புது வண்டி லாரியில் வந்து இறங்கும். பழைய வண்டியை ஒரு செங்கல் சூளைக்காரர் எங்கள் ஷோரூமில் கேட்டு வைத்திருந்தார். மண் இழுக்க அவருக்கு ஒரு வண்டி வேண்டும். சாயங்காலம் வந்து ஏற்றிக்கொண்டு போவதாகப் பேச்சு. நான் விலையைப் போட்டுக் கையெழுத்து வைத்தால் எல்லாம் முடிந்தது.

வண்டியைப் பார்த்த பிறகு, அது தினம் போகிற வழியைப் பார்ப்பது என் வழக்கம். முன் அச்சும் ஸ்டியரிங்கும் எப்படித் தேய்ந்திருக்கும் என்பதை வழி சொல்லிவிடும். "எங்கெல்லாம் உழவு?" என்று கேட்டேன்.

"பாதி இந்தப் பக்கம். பாதி அக்கரையில. இந்தப் பாலத்தத் தாண்டிப் போவணும்."

மூவரும் வாய்க்கால் கரைக்கு நடந்தோம். மாட்டு வண்டி போவதற்காகக் கட்டிய பாலம். இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்குக் கைப்பிடிச் சுவர். சுவரின் உட்பக்கத்தில், சக்கரம் உரசுகிற உயரத்தில், நீளமாகக் கீறல்கள். பழைய வண்டி போய் வந்து போட்டவை. இரண்டு பக்கமும் நாலு விரல் இடம் விட்டு அவர் அதில் போய் வந்திருக்கிறார். அக்கரையில் வாய்க்காலுக்கும் வடிகால் ஆற்றுக்கும் நடுவில் கிடக்கும் திட்டு நிலம், மொத்தம் அறுபது மா, அதாவது இருபது ஏக்கர். அந்தத் திட்டுக்கு வேறு பாலம் கிடையாது.

பிறகுதான் மணலைப் பார்த்தேன். தண்ணீரின் விளிம்பு பாலத்துக்குச் சற்றுத் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. பாலத்தின் பக்கத்தில், வாய்க்காலின் தரையில், இரண்டு அகலமான டயர் தடங்கள். மேலே புடைத்த பொத்தான்கள் தேயாத புது டயர். இந்தக் கரையில் இறங்கி அந்தக் கரையில் ஏறியிருந்தன.

"டெமோ காட்ட வந்த வண்டி இப்படித்தான் அக்கரைக்குப் போச்சா?"

"ஆமா சார். வாய்க்கா காஞ்சு கெடந்துச்சு. நேரா எறங்கி ஏறிட்டான். அங்க ரெண்டு சுத்து ஓட்டிக் காட்டுனான். வெண்ண மாதிரி போச்சு."

"பாலத்துல போகலியா?"

அவர் திரும்பிப் பாலத்தைப் பார்த்தார், தடத்தைப் பார்த்தார்.

டெல்டாவில் இருப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. தை மாதம் தண்ணீர் நின்றதிலிருந்து ஆனி வரை வாய்க்கால்தான் பாதை. சைக்கிள் போகும், ஆடு போகும், கல்யாண ஊர்வலம்கூடப் போகும். நாலைந்து மாதம் அதில் நடந்து பழகியவர்களுக்கு, அது வாய்க்கால் என்பதே தண்ணீர் வருகிற அன்றுதான் நினைவுக்கு வரும். கோடையில் டிராக்டர் வாங்குகிறவர் கோடையின் வழியை வைத்து வாங்குகிறார். எங்கள் விற்பனை ஆளுக்கும் அது தோன்றவில்லை. அவர் கோயம்புத்தூர்க்காரர்.

"அளந்து பாத்துடுவோம்," என்றேன். "தண்ணி வர்றதுக்குள்ள."

கலியமூர்த்தி கரையில் இறங்கக் காலை வைத்தார். தமிழ்ச்செல்வி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். வேலியிலிருந்து ஒரு சவுக்குக் கழியை உருவிக்கொண்டு, புடவையைச் செருகிக்கொண்டு, தானே இறங்கினார். ஒரு தடத்தின் வெளி விளிம்பில் கழியின் ஒரு முனையை வைத்து, அடுத்த தடத்தின் வெளி விளிம்பு வந்த இடத்தில் நகத்தால் கீறினார். அதற்குள் நுரை அவர் பாதத்துக்கு வந்துவிட்டது. அவர் ஏறி வருவதற்குள் ஒரு தடம் மறைந்தது. கழியைப் பாலத்தின் குறுக்கே வைத்தார். கழியில் போட்ட கீறல் கைப்பிடிச் சுவருக்கு வெளியே ஒரு சாண் தள்ளி நின்றது. பின்னால் மாட்டுகிற ரோட்டவேட்டர் அதைவிட அகலம்.

அக்கரையில் தண்ணீர் பார்க்க வந்து நின்றவர்களில் ஒரு பெண் பாலத்தில் ஏறி வந்தார். பாக்கியம். அந்தத் திட்டில் அவருக்கு ஒன்றரை ஏக்கர். பாக்கியத்தின் மாமனார் காலத்தில் அவர்கள் இந்தக் கரை வயல்களுக்குக் கூலிக்கு வந்தவர்கள். இப்போது திட்டில் பெரும்பகுதி அவர்கள் உறவுக்காரர்களின் பெயரில் இருக்கிறது.

"என்னண்ணே, பாலத்துக்குச் சட்ட தைக்க அளவு எடுக்குறீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் கழியைப் பார்த்தார். புரிந்துகொள்ள வெகு நேரம் ஆகவில்லை.

"புது வண்டி இதுல வராதா?"

"வராது பாக்கியம்."

"அப்ப எங்க வயலு?"

அக்கரையில் நாற்றங்கால்கள் தெரிந்தன. போர்வெல் வைத்திருந்த ஒருவரிடம் தண்ணீர் கேட்டு முன்கூட்டியே நாற்று விட்டிருந்தார்கள். கடும் பச்சை, ஒரு சாணைத் தாண்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் வந்த மறுநாள் உழவுக்கு இறங்குவதாகக் கலியமூர்த்தி சொல்லியிருந்தார். அவர் சொன்னதை நம்பி விட்ட நாற்று அது. இன்னும் ஒரு வாரம் தாண்டினால் நாற்றுக்கு வயசாகிவிடும், நட்டாலும் கிளைவிட்டுத் தூர் கட்டாது. அந்தத் திட்டுக்குக் குறுவை இல்லை என்று ஆகிவிடும்.

"வாய்க்கால்லயே எறக்கி ஓட்டிட்டு வரச் சொல்லுங்க," என்றார் பாக்கியம். "தண்ணி கணுக்கால்தான் இருக்கு."

"நாளைக்கு இடுப்பளவு வந்துடும்," என்றார் கலியமூர்த்தி. "இப்ப உள்ள போனா தை மாசம் தண்ணி நின்னப்புறம்தான் வண்டி வெளிய வரும்."

"வரட்டும். பொங்கலுக்கு நாங்களே குளிப்பாட்டி அனுப்புறோம்."

அந்த நேரத்தில் மேனேஜரின் போன்.

"சார், லாரி கெளம்பிடுச்சு. வெல போட்டாச்சா?"

"சூளைக்காரர வர வேணாம்னு சொல்லுங்க. கொஞ்சம் நிறுத்தி வைங்க."

"ஏன், அத விட நல்ல பார்ட்டி இருக்கா?"

"இருக்காங்க. அவங்களுக்கு இன்னும் தெரியாது."

"சார், ஒங்ககிட்டேர்ந்து நேரா ஒரு பதில் வாங்குறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்," என்று வைத்துவிட்டார்.

நீங்கள் கவனிக்க வேண்டியது இந்த இடத்தைத்தான். அரை மணி நேரத்துக்கு முன் அந்த வண்டியின் விலை என் மனதில் தயாராக இருந்தது. வண்டியில் ஒரு போல்ட்கூட மாறவில்லை. ஆனால் அந்த விலை இனி செல்லாது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் அது மண் இழுக்கப் போகிற பழைய இரும்பு. அந்தப் பக்கம், இருபது ஏக்கரை உழக்கூடிய ஒரே வண்டி; ஊரில் மற்றவர்கள் ஏற்கெனவே பெரிய வண்டிக்கு மாறியிருந்தார்கள். அது சூளைக்குப் போய்விட்டால், பிறகு எவ்வளவு கொடுத்தாலும் அந்தப் பாலத்துக்குப் பொருந்துகிற வண்டியை ஒரு வாரத்துக்குள் யாரும் கொண்டுவர முடியாது.

கலியமூர்த்தியே இரண்டையும் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். பழைய வண்டியின் விலையைக் கழித்தால்தான் புது வண்டி கைக்கு வரும். புதியதை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு அவருடைய இடுப்பு சம்மதிக்க வேண்டும்.

நான் பாக்கியத்திடம் பேசவில்லை. கலியமூர்த்தியைத் தனியாகப் பாலத்தின் மறுகோடிக்கு அழைத்துப்போனேன். தமிழ்ச்செல்வியும் வந்தார்.

"அவங்ககிட்ட சொல்றதுக்கு முன்னாடி ஒங்ககிட்ட சொல்லணும். இந்த வண்டிய அக்கரைக்காரங்களே சேந்து வாங்கலாம். பாக்கியம் மவன் அருள் எங்க ஷோரூமுக்கு வந்து போறவன், அறுப்பு மிஷின் ஓட்டுறான், இத ஓட்டிடுவான். ஆனா ஒண்ணு. வண்டி அந்தப் பக்கம் போயிட்டா அந்த உழவும் அதோட போயிடும். இந்த வருஷத்துக்கு மட்டும்னு நெனக்காதீங்க."

அவர் கைப்பிடிச் சுவரின் கீறல் மேல் விரலை வைத்தபடி நின்றார்.

"பாதி வருமானம் சார் அது."

"பாதி இடுப்பும் அதுலதான் போச்சு," என்றார் தமிழ்ச்செல்வி. குரலில் கிண்டல் இல்லை.

"சூளைக்குப் போனாலும் அக்கர உழவு எனக்கு இல்லதான?"

"இந்த வருஷம் இல்ல. அடுத்த வருஷம் பாலத்த அகலமாக் கட்டுனா, புது வண்டியோட போகலாம். அவங்க கையில வண்டி இல்லாம இருந்தா, ஒங்களத்தான் கூப்புடுவாங்க."

இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொல்லாமல் இருந்திருந்தால் காரியம் சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் வண்டி அவருடையது. அதை யாரிடம் கொடுத்தால் தனக்கு என்ன போகும் என்று தெரிந்த பிறகுதான் அவர் சரி என்று சொல்ல வேண்டும்.

"ஒரு நாளு யோசிக்கலாமா?"

"லாரி வந்துக்கிட்டிருக்கு."

அவர் அக்கரை நாற்றங்காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "பாக்கியம், இங்க வா," என்று கூப்பிட்டார். விஷயத்தை அவரே சொன்னார். நான் பக்கத்தில் நின்றதோடு சரி.

பாக்கியம் போய் அருளையும் இன்னும் இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு வண்டி நின்ற இடத்துக்கு வந்தார். அருள் பானெட்டைத் திறந்தான். பாக்கியம் வண்டியை ஒரு சுற்று சுற்றினார்.

"இருவத்தஞ்சு வயசுக் கெழவன். இதுக்குப் போயி வெலயா?"

"கெழவன்தான். ஆனா ஒம் பாலத்துக்கு ஏத்த மாப்பிள்ள இவன் ஒருத்தன்தான்," என்றார் தமிழ்ச்செல்வி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போது என் முன்னால் மூன்று விலைகள் இருந்தன. சூளைக்காரர் கொடுப்பது ஒன்று. நாற்று முற்றிக்கொண்டிருக்க, வேறு வழியில்லாமல் நிற்கிறவர்களிடம் கேட்டால் கிடைப்பது ஒன்று. மேனேஜர் அங்கே இருந்திருந்தால் அதைத்தான் கேட்டிருப்பார், வாங்கியும் இருப்பார். மூன்றாவது, வண்டியின் எஞ்சினும் கியரும் டயரும் நியாயமாகப் பெறக்கூடியது. அது சூளை விலைக்குச் சற்று மேலே இருந்தது. நான் மூன்றாவதைச் சொன்னேன். அவர்களுடைய அவசரம் அந்த வண்டியின் உதிரிபாகம் இல்லை. அதற்கு விலை போடுவது என் வேலை இல்லை. பின்னால் ஷோரூமில் இதற்கு விளக்கம் கேட்டார்கள். சூளைக்காரரைவிடக் கூடுதலாகத்தானே விற்றிருக்கிறேன் என்றேன். விட்டுவிட்டார்கள்.

பாக்கியம் பேரம் பேசினார். பேசாமல் வாங்கினால் வண்டி நிலைக்காது என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு சிறு தொகை குறைத்தேன். திட்டில் நிலம் வைத்திருந்த ஐந்து வீட்டாரும் சேர்ந்து அன்று முற்பகலுக்குள் பாதியைக் கொண்டுவந்தார்கள். மீதிக்குப் பாக்கியத்தின் மருமகள், மன்னார்குடியில் நர்ஸ், தன் பெயரில் பொறுப்பேற்றாள்.

பத்தரை மணிக்குப் புது வண்டி இறங்கியது. எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டி, கலியமூர்த்தியை ஏற்றி உட்கார வைத்தார்கள். படி தாழ்வாக இருந்ததால் யாரும் பிடிக்காமல் ஏறினார். ஸ்டியரிங்கை ஒரு விரலால் திருப்பிப் பார்த்தார். இன்னொரு தடவையும் திருப்பிப் பார்த்தார். தமிழ்ச்செல்வி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பழைய வண்டியை அக்கரைக்கு அருள் ஓட்டிக்கொண்டு போவதாக இருந்தது. "இன்னிக்கி ஒரு நா நான் வுட்டுட்டு வரேன்," என்று கலியமூர்த்தி ஏறிக்கொண்டார். அருள் மட்கார்டில் உட்கார்ந்தான். கீழே தண்ணீர் இரண்டு கரையையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. கலியமூர்த்தி சுவரைப் பார்க்கவே இல்லை. நேரே அக்கரையைப் பார்த்தபடி ஓட்டினார். இரண்டு பக்கமும் அதே நாலு விரல். அந்தக் கரையில் நிறுத்திவிட்டு, கியர் கம்பியைத் தொட்டு அருளிடம் ஏதோ நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததால் எங்களுக்குக் கேட்கவில்லை. பிறகு பாலத்தின் மேல் மெதுவாக நடந்து வந்தார்.

மறுநாள் மடை திறந்தார்கள். அருள் உழுதான். நாற்றுக்கு வயசாவதற்குள் திட்டு முழுவதும் நடவு முடிந்தது. குறுவை விளைந்து அறுத்தார்கள். புது வண்டி இந்தக் கரையில் நன்றாக ஓடியது. கலியமூர்த்தியின் இடுப்பு பரவாயில்லை என்று தமிழ்ச்செல்வி போனில் சொன்னார்.

இரண்டு வருஷம் கழித்துப் பாலத்தை இடித்து அகலமாகக் கட்டினார்கள். இப்போது எந்த டிராக்டரும் அதில் போகலாம். அக்கரையிலிருந்து யாரும் கலியமூர்த்தியை உழவுக்குக் கூப்பிடவில்லை.